ஒரு சொல் பிசகாமல்

"இன்னொரு தடவை சொல்லு."

பட்டறைக் கணக்கு எழுதும் கிராணி ராமதாஸ் சாட்சி சொல்லிக் கொடுக்க, அவர் வாயை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றான் சீனி முகம்மது. இத்தனை பணிவான சாட்சி கிடைத்தது தன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டார் ராமதாஸ்.

"மண்டோர் மூணு தடவை, 'நல்லமுத்து, வெளியே வா'ன்னு கூப்பிட்டாரு. 'வர முடியாது போ'ன்னு அவன் உள்ளேருந்து கத்தினது என் காதுல விழுந்திச்சு!"

"மெதுவாப் பேசுய்யா, வெளியே ஜாலான் ரோடு வரைக்கும் கேக்குது" என்று அடக்கினார் ராமதாஸ்.

உண்மையில் மேஸ்திரி மண்டோர் உட்பட யாரும் யாரையும் கூப்பிடவில்லை. துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கிறது என்று அவசரப்பட்டு, பாய்லரில் நீராவியைத் திறந்து சோதிக்கச் சொல்லிச் சீட்டு அனுப்பியவர் இதே ராமதாஸ்தான். உள்ளே தகட்டைத் தாங்கிப் பிடித்திருந்த நல்லமுத்து வெந்து செத்தான். சீட்டு அடுப்பில் எரிந்தது.

வெளியே நின்று ரிவெட்டு ஆணி அடித்தவன் சீனி முகம்மது. இருபது வருடம் இருவரும் சேர்ந்து இரும்பை ஜோடித்தார்கள். பொய்யை ஜோடிப்பதில் கிராணி கெட்டிக்காரர். ஆனால் பட்டறைச் சத்தம் அவருக்கு ஆகாது, மாடியை விட்டு இறங்கவே மாட்டார். இந்தச் சாட்சி பிசகினால் தனக்கு ஜெயில் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் கோர்ட்டில் சீனி முகம்மது ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தான். புருஷன் தன் திமிரால் செத்தான் என்று எழுதப்படுவதைக் கேட்டதும் நல்லமுத்துவின் மனைவி சின்னம்மா எழுந்து நின்றாள்.

"அண்ணே! உங்க கையால சோறு தின்ன மனுசனாச்சே!" என்று பின்னாலிருந்து அலறினாள். அவன் திரும்பவே இல்லை. கல் நெஞ்சன்தான் என்று ராமதாஸ் நிம்மதியாக மூச்சு விட்டார்.

மாஜிஸ்திரேட் துரை ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் குனிந்து எழுதிக்கொண்டே அதைத் தமிழில் சொன்னார். "அப்போ நீ எவ்வளவு தூரத்துல நின்னே?"

பதில் இல்லை. குனிந்தபடியே இன்னும் இரண்டு தடவை கேட்டார். சீனி முகம்மது சும்மா நின்றான். ராமதாஸுக்கு வேர்த்துக் கொட்டியது. துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சாட்சியையே உற்றுப் பார்த்தார்.

சீனி முகம்மது இப்போதுதான் சின்னம்மா பக்கம் திரும்பினான். அவன் கண் கலங்கியிருந்தது. பிறகு மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துக் கோர்ட்டே அதிரும்படி சொன்னான்:

"முகத்தைக் காட்டிக் கேளுங்க துவான், எனக்குக் காது போய்ப் பன்னெண்டு வருசமாச்சு!"