பேயெழுத்து

வார்டு தேர்தலில் நிற்கும் வெள்ளத்தாயி தன் பேனருக்குக் கேட்டது பேய்ப்பட எழுத்து. கம்ப்யூட்டர் திரையில் அவள் பெயர் விரிசல் விட்டு, துரு ஏறி, அடியில் ரத்தம் சொட்ட நின்றது. ஃப்ளெக்ஸ் கடை செல்வினுக்கே அதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

"யக்கா, இதப் பாத்து எவன் ஓட்டுப் போடுவான்? உருண்ட எழுத்தா, அழகா வச்சிருவோம்."

"என் கொழுந்தந்தான எதுத்து நிக்கான். பேய் புடிச்சவளுக்கா ஓட்டுன்னு வீடு வீடாக் கேக்கான். பேரையும் அப்படியே பாக்கட்டும்." திரையில் விரலை வைத்தாள். "ரத்தத்த எடுத்துரு. அன்னைக்கு ரத்தம் வரல. முடிதான் போச்சு."

ஊரறிந்த கதைதான். புருஷன் செத்த வருஷம் அவள் நிலத்தில் பங்கு கேட்டாள். உடனே அவளுக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொன்னார்கள். பேயோட்டவென்று, கொழுந்தன் அவள் தலையை அமுக்கிக்கொள்ள, உச்சிமுடியைப் புளியமரத்தில் ஆணியடித்து வேரோடு பிய்த்தார்கள். அந்த இடம் இன்னும் வழுக்கையாகத்தான் இருக்கிறது. அதை மூட அவள் ஒருநாளும் முந்தானையை இழுத்ததில்லை.

செல்வின் ரத்தத்தை அழித்தான். எழுத்துகளின் அடியிலிருந்து முடி முடியாக இழுத்துத் தொங்கவிட்டான்.

"இன்னும் நீளமா இழு. எனக்கு இடுப்புக்குக் கீழ கெடந்துச்சு."

பிரிண்ட் எடுத்துச் சுருட்டியபின், மாட்டுவதற்குக் கயிறு வெட்டப் போனான்.

"கயிறு எதுக்கு? அந்தப் புளியமரத்துலதான் மாட்டப் போறேன்" என்றாள் வெள்ளத்தாயி. "ஆணி அங்கனயே இருக்கு."