மூன்றாவது வாத்தியக்காரன்

"ஐயோ, இவன் பொழைக்கமாட்டான் போலிருக்கே!" கடிதத்தைக் கையில் பிடித்தபடியே பொன்னையா தேம்பினார்.

கடைவாசலில் சாமான் கூடையை வைத்துக்கொண்டிருந்த மீனம்மா பதறி ஓடி வந்தாள். "யாருங்க? நம்ம மூர்த்தியா?"

"சீ, வாயக் கழுவு. நம்ம புள்ளைக்கு என்ன கொறச்சல்? மொத வரியிலேயே 'நான் சுகம்'னு எழுதியிருக்கான். இது அந்த ட்ரம்பெட்டுக்காரன்."

மீனம்மா நெஞ்சைத் தடவிக்கொண்டு முக்காட்டை இழுத்துவிட்டாள். "கண்காணாத பயலுக்கா இந்த ஒப்பாரி? எங்கப்பன் செத்தப்பகூட ஒங்களுக்குக் கண்ணு நனையலயே!"

கொட்டகலைக் கடைத்தெருவில் மஃறூபின் துணிக்கடை அது. பொன்னையாவின் மகன் கணேசமூர்த்தி கொழும்பில் ஒரு ஹோட்டலுக்குக் கோப்பை கழுவப் போனவன். அங்கே பேண்ட் வாசிப்பவர்களிடம் ட்ரம்பெட் ஊதக் கற்று, அவர்களோடேயே சேர்ந்துவிட்டான். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்பதால், வாரம் தவறாமல் இந்தக் கடை விலாசத்துக்கு எழுதுவான்.

அதைப் படிப்பதற்காகவே பொன்னையா நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றார். இன்னமும் வரிக்கு வரி விரல் வைத்துத்தான் படிப்பார்.

கடிதத்தில் அவனுடைய சங்கதி ஒரு வரிதான் இருக்கும். மற்றதெல்லாம் பேண்ட் மாஸ்டரிடம் வாங்கிப் படிக்கிற புத்தகங்கள், அமெரிக்காவில் ஜாஸ் வாசித்த கறுப்பு மனிதர்களின் வாழ்க்கைக் கதைகள். முதலில் தங்கப்பல் கட்டிய பியானோக்காரன். பிறகு ஜெயிலில் ட்ரம் அடிக்கப் பழகியவன்.

அந்த இரண்டு பேருடைய பெயரும் பொன்னையாவின் வாயில் நுழையவில்லை. மூன்றாவது ஆளான இந்த ட்ரம்பெட்டுக்காரனுக்கு மகன் பெயரே எழுதவில்லை, வெறும் 'அவன்'தான். அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

கொழுந்து கண்டமேனிக்கு வந்ததில் போன மூன்று ஞாயிறும் கைக்காசு வேலை, பறித்த எடைக்கு அன்றன்றைக்கே காசு. அதனால் கடைக்கு வரமுடியவில்லை. அதுவரைக்கும் இந்தக் கடிதம் மஃறூபின் மேசை லாச்சியில் கிடந்தது.

"அழுதது போதும், பொன்னையா. சத்தமாப் படி" என்றார் மஃறூப். பருத்திக்காட்டுப் படம் போட்ட காலண்டரின் கீழே உட்கார்ந்து சேலை மடித்துக்கொண்டிருந்தார். "அவன்ட கதி எனக்கும் தெரியணும்."

பொன்னையா மூக்கைச் சிந்திவிட்டு விரலை வைத்தார். "'அவனுடைய அம்மா பருத்தி பறிப்பவள். கூடைக் கயிறு இழுத்து இழுத்து உச்சந்தலையில் நாலு விரல் அகலத்துக்கு முடி இருக்காது. சின்ன வயசில் அந்த இடத்தில் அவன்தான் எண்ணெய் தேய்த்துவிடுவான்.'"

நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "கேட்டியா புள்ள, அமெரிக்காவுலயும் கூடைக் கயிறு தலையிலதான்!"

"பறிக்கிறவ பாடு எங்க போனாலும் இதுதான். படிங்க."

"'இப்போது அவனுக்கு ஊத மூச்சில்லை. ஊதினால் குழலில் ரத்தம் வருகிறது. பேண்டில் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள். தர்மாஸ்பத்திரியில் கடைசிக் கட்டிலில் கிடக்கிறான். பார்க்க ஒருவரும் வருவதில்லை. அப்பாவுக்குச் சொல்லியனுப்ப அவனுக்கு மனசு வரவில்லை. புத்தகத்தில் இன்னும் இரண்டு பக்கம்தான் பாக்கி. அடுத்த கிழமை எழுதுகிறேன்.'"

பொன்னையாவுக்கு அழுகை போய்க் கோபம் வந்தது. "என்னா அப்பன்யா அவன்? புள்ள ரத்தங் கக்கிக் கெடக்குறான், ஒரு எட்டுப் போய்ப் பாக்கத் தோணலியே!"

"அவருக்குத் தெரியாதுன்னுதானே போட்டிருக்கு?" என்றாள் மீனம்மா.

"பெத்தவனுக்குத் தெரியாமப் போயிருமா? நான் அவன் அப்பனா இருந்தா மொத ரயில்லயே ஏறியிருப்பேன்." கையை நீட்டினார். "மஃறூப் நானா, அடுத்த கடுதாசியையும் குடுங்க. பொழைச்சானான்னு பாத்துருவோம்."

மஃறூப் லாச்சியை இழுத்துப் பார்த்துவிட்டு மூடினார். "இதுக்குப் பொறகு ஒண்டும் வரல்ல. இது வந்தே மூணு கிழமை."

"வேல மும்முரமா இருக்கும்."

"ஆனா ஒண்டு பொன்னையா, அந்தப் புத்தகம் எழுதினவன் பருத்திக்காட்டக் கண்ணாலயும் கண்டிருக்கமாட்டான்." மஃறூப் தலைக்கு மேலே தொங்கிய காலண்டரைக் காட்டினார். "துணிக் கம்பெனிக்காரன் குடுத்தது. அமெரிக்காதான். நல்லாப் பாருங்க, கூடை எங்க, கயிறு எங்க? எல்லாப் பொம்பளைக்கும் தோள்ல நீட்டுச் சாக்கு. தலையில வெறும் தொப்பி."

பொன்னையா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "இவன் படிச்ச இங்கிலீசு அவ்வளவுதான். எதையோ எதுவாவோ எழுதிப்புட்டான்."

மீனம்மா சிரிக்கவில்லை. முக்காடு நழுவித் தோளில் விழுந்தது. இருபது வருடம் கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி முடி போன உச்சியை அவளுடைய விரல்கள் மெல்லத் தடவின. கீழே ஸ்டேஷனில் கொழும்பு ரயில் ஊதிவிட்டுப் புறப்பட்டது.

"ஏங்க... அது என் தலைங்க."