பதினைந்து குரோனர் மோட்சம்

மோட்சத்தின் விலை பதினைந்து டேனிஷ் குரோனர். பஸ், இரண்டு பாண், ஒரு போத்தல் தோடம்பழச் சாறு எல்லாம் அதற்குள் அடக்கம்.

அந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்காது. அதனால்தான் சில்க்போர்க் அகதி முகாமில் எவரோடும் ஒட்டாத மகேந்திரராசா, ஞாயிற்றுக்கிழமை நடைப்பயணத்துக்கு, பாஸ்போர்ட்டில் இருந்தபடி தன் பெயரை எழுதிக் கொடுத்திருந்தான். தன் பயணத்தை விட்டுக்கொடுத்து இவனை அனுப்பிவைத்த அண்ணன், யாழ்ப்பாணத்தில் துப்பாக்கிச் சூடு பட்டுச் செத்து அன்றைக்கு முப்பத்தோராம் நாள். செத்தவரைக் கரையேற்றும் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக் கடல் இல்லாவிட்டாலும் ஒரு குளமாவது வேண்டும்.

பஸ்ஸை விட்டிறங்கிக் காட்டுக்குள் இரண்டு மணித்தியால நடை. கூட்டிவந்த டேனிஷ்காரி கிர்ஸ்டன், வட்டக் குளத்தைக் காட்டி ஆங்கிலத்தில் நீளமாக விளக்கினாள். அதைத் தமிழாக்கியவர் நவரத்தினம். கொழும்பில் புடவைக்கடை நடத்தியவர். இல்லாத சரக்கையும் விற்றுவிடுவார்.

"இது எரிமலை வெடிச்ச வாயாம். வட்டமாக் கிடக்கிறதைப் பாருங்கோ!"

"ஐஸ் எண்டெல்லோ அவ சொன்னவ?" என்று பின்னால் ஒரு குரல்.

"ஐஸ் கரைஞ்ச கிடங்கைப் பாக்கவோ இவ்வளவு தூரம் நடந்தனீர்? எரிமலை எண்டு நினையும், கால் நோகாது."

எல்லாரும் சிரித்தார்கள். மகேந்திரராசாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தந்தி வந்த நாளிலிருந்து உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

"மகேந்திரராசா!" நவரத்தினம் கூப்பிட்டார். அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். மூன்றாம் தரம் முதுகில் தட்ட வேண்டியிருந்தது.

"காது அடைச்சுப் போச்சோ? வாரும், அலுவலை முடிப்பம்."

நவரத்தினம் சைவக் குருக்கள் வீட்டு மருமகன். மந்திரத்தில் பாதி தெரியும், மீதியை முணுமுணுப்பார். முகாமில் அதற்கு மேல் பேரம் பேச வழியில்லை.

மற்றவர்கள் பாண் தின்னும் நேரம் பார்த்து இருவரும் ஒரு மறைவுக்குப் போனார்கள். தர்ப்பைக்குக் குளத்து நாணல். எள்ளுக்கு, பாணின் மேல் ஒட்டியிருந்த கறுத்த விதையை நவரத்தினம் நகத்தால் சுரண்டி எடுத்தார். அது எள் அல்ல, கசகசா என்பது அவர்கள் இருவருக்கும் தெரியாது. அந்தியேட்டி என்றொன்று இருப்பது பேக்கரிக்காரனுக்குத் தெரியாது.

நவரத்தினம் கரையோரம் குந்திக்கொள்ள, மகேந்திரராசா முழங்கால் வரை இறங்கினான். சித்திரை பிறந்துவிட்டதென்று அந்தத் தண்ணீருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கால் விறைத்தது. அவன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

"செத்தவற்றை பேரைச் சொல்லும்."

"அண்ணை எண்டு சொன்னால் காணாதோ?"

"நல்ல கதை! ஊரிலை ஆருக்குத்தான் அண்ணையில்லை? விலாசமில்லாத காயிதம் எங்கை போய்ச் சேரும்? பேர் பிழைச்சால் நடந்ததும் வீண், நனைஞ்சதும் வீண். அந்த மனிசன் அந்தரிச்சுக்கொண்டு திரியும்."

மகேந்திரராசா கரையைத் திரும்பிப் பார்த்தான். அகதி மனுவுக்கு அடுத்த கிழமை பொலிஸ் விசாரணை. நவரத்தினத்தின் காதுக்குள் போனது பின்னேரத்துக்குள் முகாம் முழுக்கப் பரவும். அந்தப் பெயர் பரவினால் இவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சொல்லாமல் விட்டால் அண்ணன் கரை சேரமாட்டான்.

குனிந்து, காதோடு சொன்னான்.

நவரத்தினத்தின் கை அந்தரத்தில் நின்றது. அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஆயுளில் முதல் தடவையாக வாயை அடக்கிக்கொண்டு, விதையையும் தண்ணீரையும் அவன் உள்ளங்கையில் வார்த்தார். பெயரை உதட்டுக்குள்ளேயே சொல்லி மூன்று தரம் குளத்தில் விடச் செய்தார்.

திரும்பி நடந்து பஸ்ஸடிக்கு வந்தபோது, கிர்ஸ்டன் வாசலில் நின்று பட்டியலை வாசித்தாள். ஒவ்வொருவராக "யா" சொல்லி ஏறினார்கள்.

"மகேந்திரராசா?"

இத்தனை மாதம் அந்தப் பெயருக்குத் தடுக்காமல் "யா" சொல்லி வந்தவன், இன்றைக்குக் குனிந்து சேறு ஒட்டிய கால்களைப் பார்த்தான்.

"யா, யா!" பின்னாலிருந்து நவரத்தினம் கையை உயர்த்தினார்.

கிர்ஸ்டன் தலைகளை எண்ணினாள். போனது இருபத்திரண்டு, வந்தது இருபத்திரண்டு. கணக்குச் சரி.

பஸ் புறப்பட்டது. நவரத்தினம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முன்னும் பின்னும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"மகேந்திரராசாவை இப்பத்தான் கரையேத்தினனாங்கள். உம்மடை பேர் என்ன, தம்பி?"