ஒட்டாத இரண்டு

"சார், அவரைக் கொஞ்சம் பம்ப்பை மெதுவா விடச் சொல்லுங்க."

பிரமிளா சொன்ன 'அவர்' வேற்றூரில் இல்லை. கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், அதே மேசையின் மறுமுனையில்தான் அஷ்வின் உட்கார்ந்திருந்தான்.

"மெதுவாத்தான் விட்டுக்கினு இருக்கேன்னு அவங்களுக்குச் சொல்லுங்க சார்," என்றான் அவன், தலையைத் தூக்காமலே.

நடுவில் நின்ற வேங்கடாசலம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். திருப்பதியில் அந்தச் சிறிய ஆய்வுக்கூடத்தை நடத்துகிறவர் அவர். இந்த இருவரும் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல், இவர்களுக்கு இடையே தூது போகிற உத்தியோகமும் அவருடையதாகிவிட்டது.

மைக்ராஸ்கோப்புக்கு அடியில் இருந்த கண்ணாடிச் சில்லு பாதித் தீப்பெட்டி அளவுதான். அதற்குள் தலைமுடி அகலத்தில் ஒரு வாய்க்கால். ஒரு குழாயில் பால், இன்னொன்றில் மருந்து வந்து, இரண்டும் வாய்க்காலுக்குள் கலந்தால், பாலில் யூரியா சேர்த்திருக்கிறார்களா என்று நிறம் காட்டிக் கொடுத்துவிடும். இப்போதைக்குப் பாலுக்குப் பதிலாக மஞ்சள் தண்ணீரும், மருந்துக்குப் பதிலாக நீலத் தண்ணீரும் விட்டிருந்தார்கள். கலந்தால் பச்சை வரவேண்டும்.

வரவில்லை. அவ்வளவு குறுகலான வாய்க்காலில் தண்ணீர் சுழிக்காது, புரளாது. மஞ்சள் ஒரு ஓரமும் நீலம் ஒரு ஓரமுமாக, பந்தியில் முகம் திருப்பிக்கொண்ட சம்பந்திகள் போல, பக்கத்துப் பக்கத்திலேயே கடைசி வரை போய் வெளியேறின.

மறுநாள் காலை சித்தூரிலிருந்து பால் பண்ணைக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அவர்கள் உதட்டைப் பிதுக்கினால் ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டுத்தான்.

வாய்க்காலின் தரையில் சாய்வாகப் பள்ளம் கீறினால் தண்ணீர் புரண்டு கலக்கும் என்பது அஷ்வின் கட்சி. இரண்டு பம்ப்பையும் மாற்றி மாற்றி விட்டுவிட்டுத் தள்ளச் செய்தால் போதும் என்பது பிரமிளா கட்சி. தனித்தனியாகச் செய்து பார்த்ததில், இரண்டிலும் பச்சை ஒரு கீற்றுக்கு மேல் வரவில்லை.

"ரெண்டையும் சேத்துப் போட்டா என்னம்மா?" என்று பிரமிளாவைக் கேட்டார் வேங்கடாசலம்.

"அவரு கீறின சில்லுலயா? வேணாம் சார்."

"அவங்க பம்ப்பைத் தொட்டா நம்மளக் கடிச்சிப்புடுவாங்க சார்," என்றான் அஷ்வின்.

மத்தியானம் ஆளுக்கு ஒரு மூலையில், முதுகைக் காட்டியபடி சாப்பிட்டார்கள். வேங்கடாசலம் இருவரையும் கடந்து போனார். இரண்டு டப்பாவிலும் புளிச்சக்கீரை போட்ட கோங்கூரா சாதம், வாழைக்காய் வறுவல். ஒரே மெஸ்ஸில்தான் வாங்குகிறார்கள் போலிருக்கிறது. அங்கேயாவது முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும் என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது.

அவர்மீதும் கொஞ்சம் தப்பு உண்டு. முன்பு இங்கே வேலை பார்த்த ஒரு ஜோடி காதலித்து, கல்யாணம் முடித்து, கையோடு பெங்களூருக்குப் பறந்துவிட்டது. அந்த எரிச்சலில், இவர்கள் இருவரும் சேர்ந்த அன்றே கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்த லேப்ல காதல், கல்யாணம், ஜோடி, ஒண்ணும் ஆகாது. இப்பவே சொல்லிட்டேன்." அதற்காக இப்படியா எலியும் பூனையுமாக இருப்பார்கள்?

சாப்பாடு முடிந்ததும் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஹைதராபாத்தில் நடந்த நிர்வாகப் பயிற்சி முகாமுக்குப் போய்வந்தவர் அல்லவா! அஷ்வினின் ஸ்டூலை இழுத்து, பிரமிளாவின் ஸ்டூலுக்கு ஒட்டினாற்போல் போட்டார்.

"சரி, இனிமே நான் நடுவுல இல்ல. பச்சை வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் எழுந்திருக்கக் கூடாது."

சொல்லிவிட்டு வெளியே போய், கதவை முழுக்கச் சாத்தாமல், அதன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அஷ்வின் தான் கீறிய சில்லை எடுத்துப் பொருத்தினான்; இரண்டு பம்ப்பும் பிரமிளா சொன்னபடி மாற்றி மாற்றித் தள்ளத் தொடங்கின. பிறகு பிரமிளா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள். என்ன வேண்டும் என்று கேட்காமலே அஷ்வின் அதில் ஊசியை வைத்தான்.

"வலது பம்ப்பு முந்துது," என்றாள் அவள்.

"தெரியுது. நீ இடதைப் புடி."

வேங்கடாசலத்துக்கு மெய்சிலிர்த்தது. 'அவங்க' போய் 'நீ' வந்துவிட்டது! பயிற்சி முகாம் வீண்போகவில்லை.

அந்த நேரம் பார்த்து வாய்க்காலுக்குள் ஒரு காற்றுக் குமிழி நுழைந்து அடைத்துக்கொண்டது. இரண்டு நிறமும் அப்படியே நின்றன. அஷ்வின் குழாயை விரலால் நசுக்கிப் பிடித்தான். பிரமிளா சில்லை நகத்தால் மெல்லச் சுண்டினாள்.

"விடு."

அவன் விட்டான். குமிழி வழுக்கிக்கொண்டு வெளியே ஓடியது. பின்னாலேயே வந்த மஞ்சள், பள்ளங்களில் புரண்டு நீலத்தின் மேல் ஏற, நீலம் அதன் அடியில் புகுந்தது. வாய்க்காலின் பாதியைத் தாண்டும்போது அங்கே மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை.

"பச்சை!" இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

வேங்கடாசலம் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவை பார்த்தார், நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார். சித்தூர்க்காரர்கள் இனி என்ன கேட்டாலும் கவலையில்லை. சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னா பொருத்தம்பா உங்களுக்குள்ள! இத்தினி நாளும் வீணாப் போச்சே! உங்களுக்கு இஷ்டம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, நானே முன்னால நின்னு திருமலையில கல்யாணம் பண்ணி வைக்கிறேன்!"

அஷ்வின் உதட்டைக் கடித்துக்கொண்டு பம்ப்பை அணைத்தான். பிரமிளா நிதானமாகக் கையுறையைக் கழற்றினாள்.

"சிரமம் வேணாம் சார். இங்க சேர்றதுக்கு முந்தியே ஆயிடுச்சு."