ஜப்பான் பெட்டியில் ஏழு துப்பாக்கி

வேதாச்சலம் கடத்தல் தொழிலுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஆனால் அலட்டலில் முப்பது வருஷ சர்வீஸ். கறுப்புக் கண்ணாடி, இரண்டு போன், யார் கேட்டாலும் “எக்ஸ்போர்ட் பிசினஸ்” என்ற பதில். அந்த எக்ஸ்போர்ட்தான் நடந்தபாடில்லை.

நாலு டன் செம்மரம் பிச்சாட்டூர் பக்கம் ஒரு ஷெட்டில் மூன்று வாரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. காதும் காதும் வைத்தாற்போல் துறைமுகத்தில் சரக்கை ஏற்றிவிடும் ‘போர்ட் ஆள்’ ஜெயிலுக்குப் போய்விட்டான்.

முதலாளி நாகையா காலையில்தான் போனில் அன்பாக விசாரித்திருந்தார்.

“சனிக்கிழமைக்குள்ள சரக்கு கெளம்பணும் வேதாச்சலம். இல்லேன்னா உன்னை நாலு பேரு தூக்கிக்கினு போவாங்க.”

இன்று வியாழன். சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் உட்கார்ந்து, ஒரு போர்ட் ஆளை அனுப்பிவைக்கும்படி ஏழுமலையானிடம் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார் வேதாச்சலம்.

ஏழுமலையான் அன்று வேலையில் சுறுசுறுப்பாக இருந்திருக்க வேண்டும்.

“போர்ட் முடிஞ்சிச்சு கேசியா,” என்றான் முன் சீட்டுத் தாடிக்காரன்.

“நெஜமாவா இஸ்ரேல் அண்ணா?” என்றாள் அவன் பக்கத்தில் இருந்த பெண்.

“ரெண்டு வருசம் தலையால தண்ணி குடிச்சேன். முப்பது வருசத்து ஜப்பான் பெட்டி அது. இவ்ளோ சரக்கு அதுக்குள்ள அடங்கும்னு எவனும் நம்பலை.”

“துப்பாக்கி?”

“ஏழு. ஏழும் வேலை செய்யுது.”

“காவல்காரனுங்க?”

“பாதிப் பேரைத் தூக்கிட்டேன். அவனுங்க இருந்தா எல்லாமே ஸ்லோவாவுது.”

“சுட்டா சத்தம் வருதா?”

“வரவே மாட்டேங்குது.”

வேதாச்சலத்துக்குப் புல்லரித்தது. சத்தமில்லாமல் சுடும் துப்பாக்கிகள், காவலில் பாதிப் பேர் காலி, கூடவே ஜப்பான் வரை போகும் பெட்டி! இந்தத் தொழிலில் இதுவரை தான் பார்த்தவர்கள் எல்லாம் வெறும் கற்றுக்குட்டிகள் என்று நினைத்துக்கொண்டார். தினமும் கண்ணாடியில் பார்ப்பவரை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பூதலப்பட்டு தாண்டியதும் முன்னால் குனிந்தார்.

“தம்பி, அந்த போர்ட் வேலை நமக்கும் ஒண்ணு ஆவணும்.”

இஸ்ரேலின் முகம் மலர்ந்தது. “உங்க வயசுல இதுல ஆர்வம் கீறவங்களை நான் பார்த்ததே இல்லை அங்கிள்! பழைய சரக்கா?”

“அறுபது, எழுபது வருசத்துது.”

“அவ்ளோ பழசா?” இஸ்ரேல் குழம்பினான். “சைஸு எவ்ளோ?”

“நாலு டன்.”

இஸ்ரேல் சிரிக்க வாயைத் திறந்தான். கேசியா அவன் காலை மிதித்தாள்.

“சரக்கு எங்க கீது அங்கிள்?” அவள் குரலில் தேன் சொட்டியது.

வேதாச்சலம் குரலைத் தாழ்த்தினார். இரகசியம் காப்பதில் அவர் கெட்டிக்காரர். மூன்று சீட்டுக்கு மேல் கேட்காது. “பிச்சாட்டூர் ஏரிக்கு அந்தாண்ட ஒரு ஷெட்டு. மேல வேர்க்கடலைத் தோல் மூட்டை, அடியில செம்மரம். நாகையாவோட சரக்கும்மா, ஒரு கட்டைகூட சோடை கிடையாது. சனிக்கிழமைக்குள்ள நகத்தணும்.”

“சனிக்கிழமை வரைக்கும் எதுக்கு? இன்னைக்கே நகத்திடலாம். லொகேஷன் போடுங்க.”

வேதாச்சலம் லொகேஷன் போட்டார். கேட்காமலேயே இரண்டு போட்டோவும், நாகையாவின் நம்பரும் போட்டார். கேசியா போனில் மளமளவென்று எதையோ தட்டினாள். என்ன வேகம், என்ன தொழில் சுத்தம் என்று வியந்தார்.

“இப்போ உங்க சரக்கைக் கொஞ்சம் காட்டுங்க,” என்றார் இஸ்ரேலிடம்.

இஸ்ரேல் பையிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து, அருமைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டான். 

“இதான் அங்கிள். அந்தக் காலத்துல டிவில மாட்டி ஆடுவோமே, கேசட் கேமு, அந்தப் பெட்டி. கம்ப்யூட்டர்ல ஒரு பழைய துப்பாக்கி கேமு உண்டு. நம்ம கையும் துப்பாக்கியும் மட்டும் முன்னால தெரியும், எதிர்ல வர்றவனைச் சுட்டுக்கினே போவணும். அதை இந்தப் பெட்டில ஓடுற மாதிரி மாத்தி எழுதியிருக்கேன். அதுக்குப் பேருதான் போர்ட்டு.”

“அந்தக் காவல்காரனுங்க?”

“டிவில வர்ற பொம்மைங்க அங்கிள். சவுண்டுதான் இன்னும் போடலை.”

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. வேதாச்சலம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அந்தப் பெட்டியை இன்னொரு முறை பார்த்தார். போகட்டும், விளையாட்டுப் பிள்ளைகள். இதுவே போலீஸாக இருந்திருந்தால்?

“நானும் வெளையாட்டுக்குத்தாம்மா சொன்னேன்,” என்று கழுத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “நாலு டன்னு, ஷெட்டு, நாகையா... எல்லாம் ஒரு கேமு. அந்த லொகேஷனை அழிச்சுடு, இன்னா? ஆமா, இதான் உங்க ரெண்டு பேருக்கும் பொழப்பா?”

“அண்ணனுக்கு இதான். நான் லீவு நாள்ல மட்டும் கூடமாட ஒத்தாசை,” என்றாள் கேசியா. “மத்த நாள்ல திருப்பதில, செம்மரக் கடத்தல் தடுப்புப் பிரிவுல கம்ப்யூட்டர் வேலை.”

“சந்திரகிரி! திகண்டி, திகண்டி!” என்று இறங்கச் சொல்லிக் கத்தினார் கண்டக்டர். அதைவிட நல்ல யோசனையை வேதாச்சலம் வாழ்க்கையில் கேட்டதில்லை. துள்ளி எழுந்தார்.

“நீங்க உக்காருங்க அங்கிள். எங்க எஸ்.ஐ. இந்த ஸ்டாப்புலதான் ஏறுறாரு. கொஞ்சம் ஜன்னல் பக்கமா தள்ளி உக்காந்தீங்கன்னா அவருக்கும் எடம் ஆவும்.”