ஜன்னலோரத்து பெஞ்சு

“இந்தப் பிள்ளை மண்டையில களிமண்ணுதான் இருக்கு. பேரை அடிச்சிட வேண்டியதுதான்!”

பெரிய டீச்சர் அமலம்மாள் இதைச் சொன்னது பிலோமினாவின் அப்பாவை எதிரில் நிற்கவைத்துக்கொண்டு. அந்தம்மாவுக்கு மெதுவாகப் பேசவே வராது.

பிலோமினாவுக்கு ஒன்பது வயசு. போன வருஷமும் ஒண்ணாம் வகுப்பில் பெயில், இந்த வருஷமும் பெயில்.

அப்பா பாக்கியசாமி பினாங்கு ஜெட்டியில், கப்பல் வந்து அணையும் துறையில், கணக்கெழுதும் கிராணி. தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார்.

“அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். பள்ளிக்கூடம் இல்லேன்னா டத்தோ கிராமாட் ரோட்டு வீட்டுல தனியா கிடப்பா. காலையில நான் ட்ராம் ஏறினா பொழுது சாய்ஞ்சுதான் திரும்புவேன்.”

“ஒரு வாரம் குடுங்க பெரிய டீச்சர். நான் இன்னொரு பரீட்சை வச்சுப் பாக்குறேன்” என்றாள் ரோசலின். ஒண்ணாம் வகுப்பு டீச்சர் அவள்தான்.

“ஒரு வாரத்துல களிமண்ணு பொன்னாயிடுமா? சரி, வை. அதிலேயும் பெயிலானா என்கிட்ட சிபாரிசுக்கு வராதே.”

ரோசலினுக்கு ஒரு சந்தேகம். பிலோமினாவுக்குப் பக்கத்தில் உட்காரும் வள்ளியம்மா கணக்கில் ஒரு தப்பு விடுவதில்லை. கேட்டால், “பிலோமிதான் சொல்லிக் குடுத்தா” என்கிறாள். சொல்லிக்கொடுத்தவள் பெயில், கேட்டுக்கொண்டவள் பாஸ். எங்கேயாவது நடக்குமா இது?

வெளியே போன பாக்கியசாமியை வாசலில் நிறுத்தினாள்.

“அண்ணே, வீட்டுல ஏதாவது மனக்கஷ்டமா? பிள்ளை எந்நேரமும் ஜன்னல் வழியா ஜெட்டியையே பாத்துக்கிட்டிருக்கா.”

அவர் அக்கம்பக்கம் பார்த்தார்.

“அம்மாவைத் தேடுறா டீச்சர். பிரசவத்துக்கு நாகப்பட்டினம் போனவ. தாயும் தங்கல, பிள்ளையும் தங்கல. ரெண்டு வருஷமாச்சு.”

“ஐயோ! பிலோமிகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல. தெரிஞ்சா தாங்கமாட்டா. காதும் காதும் வச்ச மாதிரி மாதா கோயில்ல அவ ஆத்துமாவுக்காக ஒரு விடிகாலைப் பூசை மட்டும் வச்சேன். அதுக்குக்கூட நான் போகல. போனா வாய்விட்டு அழுதுடுவேன், ஊருக்கே தெரிஞ்சிடும்.”

“அம்மா எங்கேன்னு கேட்டா?”

“அடுத்த கப்பல்ல வருவான்னு சொல்வேன். அவ ஜன்னல்லேருந்து பாக்குறாளே, அதுக்காகவே நாகப்பட்டினம் கப்பல் வர்ற அன்னிக்கெல்லாம் ஜெட்டி முனையில போய் நிப்பேன். எல்லாரும் போற வரைக்கும் நிப்பேன்.” சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “நிக்க நிக்க, நெசமாவே வந்துட மாட்டாளான்னு இருக்கும் டீச்சர். அப்படியொரு ஏக்கம்.”

ரோசலினுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

“பிள்ளைகிட்ட உண்மையைச் சொல்லிடுங்கண்ணே. இப்படியே போனா அவ ஒண்ணாம் வகுப்பிலேயே கிழவியாயிடுவா.”

“நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க. எனக்கு வாய் வராது.”

மறுநாள் நாகப்பட்டினம் கப்பல் வந்தது. சாயங்கால மணி அடித்ததும் பிள்ளைகள் எல்லாம் ஓடிவிட்டார்கள். பிலோமினா மட்டும் ஜன்னலோரத்து பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

ரோசலின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“உனக்கு எல்லாக் கணக்கும் தெரியும். ஏம்மா தப்புத் தப்பா எழுதுறே?”

பிலோமினா ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பாஸானா ரெண்டாம் வகுப்பு. அது பின்கட்டுல இருக்கு. அங்கேருந்து ஜெட்டி தெரியாது டீச்சர்.”

அடக் கடவுளே! இதற்காகவா இந்தப் பிள்ளை இத்தனை திட்டு வாங்கியது?

“ரெண்டாம் வகுப்பை முன்பக்கத்துக்கு மாத்தச் சொல்றேன். பெரிய டீச்சர் காலைப் பிடிச்சாவது மாத்துறேன். அப்ப ஒழுங்கா எழுதுவியா?”

முகம் மலர்ந்து தலையாட்டினாள்.

“ஆனா பிலோமி, இனிமே நீ அம்மாவுக்காக...” ரோசலின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா செத்துட்டாங்க டீச்சர். எனக்குத் தெரியும்.”

ரோசலின் ஆடிப்போனாள்.

“பக்கத்து வீட்டு ரோசம்மா அக்கா ஒருநாள் என்னை விடிகாலைப் பூசைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சாமியாரு, நாகப்பட்டினத்துல செத்துப்போன லூர்தம்மாள் ஆத்துமா இளைப்பாறணும்னு வேண்டிக்கிட்டாரு. அது எங்கம்மா பேரு.”

“அப்புறம் எதுக்குடி ஜன்னல்?”

பிலோமினா கையை நீட்டிக் காட்டினாள். ஜெட்டியில் கூட்டமெல்லாம் போய்விட்டது. முனையில் ஒரே ஒரு ஆள், தொப்பியைக் கையில் பிடித்தபடி கப்பலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

“அப்பா தனியா நிக்கிறாருல்ல, அதான் நானும் கூட இருக்கேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். அன்னிக்குப் பூசைக்கு அவர் வரவேயில்ல. அம்மா செத்தது அவருக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா தாங்கமாட்டாரு.”