பெயர் மட்டும் கேட்கும்

குளியலறையில் வழுக்கி விழுந்த வினோதாவால் எழுந்திருக்க முடியவில்லை. எட்டு மாத வயிற்றைப் பிடித்திருந்தாள். தரையில் ரத்தம் பரவிக்கொண்டிருந்தது. திறந்த கதவு வழியே, கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கணவனின் முதுகு தெரிந்தது.

"ஏனுங்க! ஏனுங்க!"

அவன் திரும்பவில்லை. அலுவலகம் கொடுத்த கவனப்பட்டையை நெற்றியில் கட்டிவிட்டால், வேலையைத் தவிர வேறெதுவும் அவன் மனதுக்குள் போகாது. அவசரத்துக்கு அவனுடைய பெயர் மட்டும் போகும். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அம்மா வளர்த்த விதம் அப்படி. கொஞ்சும்போதுகூட 'மாமா'தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள். "அறவாழி! விழுந்துட்டனுங்க! ரத்தமா வருதுங்க!"

அவன் தோள்கள் சிலிர்த்தன. பெயர் மட்டுமே, அதிலிருந்த அலறல்கூட இல்லாமல், அவனுக்குக் கேட்டிருந்தது.

"அட, பேரு சொல்லியா கூப்புட்டே?" திரையிலிருந்து கண்ணெடுக்காமலே சிரித்தான். "எத்தன நாளாக் கெஞ்சியிருப்பேன்! இன்னொருக்கா சொல்லு கண்ணு."

அவள் வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. அவன் தலையைச் சற்றே சாய்த்து, ஆசையோடு காத்திருந்தான்.